ஆரணிக்கு மட்டும் விழுந்த கூடை

போன மாதம் தேன்மொழி தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தொலைக்காட்சியில் இப்போது கூடைப்பந்து வர்ணனை செய்கிற பெண். ஒரு ஆட்டத்தில், விழாத கூடையை விழுந்துவிட்டது என்று சொல்லிவிட்டாளாம். அந்த ஆறு விநாடியை யாரோ வெட்டியெடுத்து, கூடவே ஒரு கழுதை கத்துகிற சத்தத்தையும் ஒட்டி, ஊரெல்லாம் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். "சார், உங்க காலத்துல இப்படி ஏதாவது ஆச்சா?" என்று கேட்டாள். அழுது முடித்துவிட்டுப் பேசுகிற குரல்.

'உங்க காலத்துல' என்று யார் சொன்னாலும் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். ஓய்வு பெற்றவன் செத்தவனா என்ன? ஆனாலும் அவள் கேட்டது நியாயமான கேள்வி. அவளுடைய தப்பு கைபேசிகளில் சுற்றியது. என்னுடைய தப்பு போளூர் வரைக்கும் போய் ஒரு கல்யாணத்தையே நிறுத்தியது. அன்றைக்கு அவளிடம் அரைகுறையாகத்தான் சொன்னேன். மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் ஆரணிக்காரன். பட்டு நெய்கிற குடும்பம். பதினைந்து வயதிலேயே ஆறடியைத் தாண்டிவிட்டேன். தறியில் நெய்கிறவர், தரையில் வெட்டிய குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, பலகையில் உட்கார்ந்து மிதிக்க வேண்டும். என் முழங்கால் அந்தக் குழிக்குள் அடங்கவே இல்லை. அப்பா எனக்காகக் குழியை ஒரு சாண் ஆழமாக வெட்டிப் பார்த்தார். அடுத்த வருடம் நான் இன்னும் வளர்ந்து தொலைத்தேன். "உனுக்காக வூட்டுக்குள்ள கெணறு வெட்ட முடியாதுடா" என்று கைவிட்டார். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர் பிடித்துக்கொண்டார். அப்புறம் கல்லூரி அணி, அதற்கப்புறம் ஒரு அரசு நிறுவனத்தின் அணியில் பன்னிரண்டு வருடம். நல்ல ஆட்டக்காரன், பெரிய ஆட்டக்காரன் இல்லை. முப்பத்து நாலாம் வயதில் இடது முழங்கால் சவ்வு கிழிந்தது. அதோடு ஆட்டம் முடிந்தது.

வீட்டில் காலை நீட்டிக்கொண்டு கிடந்தபோதுதான் வானொலி நிலையத்திலிருந்து ஆள் வந்தது. கூடைப்பந்து தெரிந்த, தமிழில் தடங்கல் இல்லாமல் பேசத் தெரிந்த ஒருவர் வேண்டுமாம். எனக்கு வாய் நீளம் என்பது அணியில் எல்லோருக்கும் தெரியும். ஒப்புக்கொண்டேன்.

அங்கே தயாரிப்பாளர் சகுந்தலா மேடம். ஐம்பது வயது இருக்கும். குரலை உயர்த்திப் பேசி நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. முதல் நாளே சொல்லிவிட்டார்: "எனக்கு இந்த ஆட்டத்துல ஒண்ணும் தெரியாது, தண்டபாணி. தெரிஞ்சுக்கவும் போறதில்லை. அதுதான் உங்களுக்கு நல்லது." எனக்குப் புரியவில்லை. ஆட்டத்தன்று புரிந்தது.

மைதானத்தின் ஓரத்தில் எனக்கு ஒரு மேஜை, ஒரு மைக். பக்கத்தில் மேடத்துக்கு இன்னொரு சின்ன மேஜை. நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். காதில் என் மைக்கோடு இணைத்த ஹெட்போன். மேஜைமேல் ஒரு அட்டை; அதில் பென்சிலால் மைதானம் வரைந்திருந்தது. கைப்பையிலிருந்து ஐந்து வெள்ளைச் சட்டைப் பொத்தான், ஐந்து கறுப்புப் பொத்தான், ஒரு மிளகு. பொத்தான் ஆட்டக்காரர்கள். மிளகு பந்து. நான் சொல்லச் சொல்ல அவற்றை நகர்த்துவார். நான் சொன்னதைக் கொண்டு நகர்த்த முடியவில்லை என்றால், பழைய நிகழ்ச்சித் தாளின் பின்புறத்தில் எழுதி ஒரு சீட்டை என் பக்கம் தள்ளுவார்.

'பந்து யார் கையில்?'

'ஏழாம் எண்ணை நடுக்கோட்டில் விட்டீர்கள். பாவம், இன்னும் அங்கேயே நிற்கிறாள்.'

'அபாரம் என்கிறீர்கள். அபாரம் எந்தப் பக்கம் போயிற்று?'

முதல் ஆட்டத்தில் எனக்கு வந்த சீட்டுகளைச் சேர்த்திருந்தால் ஒரு நோட்டுப் புத்தகம் ஆகியிருக்கும். எரிச்சலாக வரும். இவ்வளவு பெரிய மைதானத்தில், இத்தனை வியர்வைக்கும் கூச்சலுக்கும் நடுவில், இந்த அம்மாவின் மிளகுக்கு நான் வழி சொல்ல வேண்டியிருக்கிறதே என்று. இரண்டு வருடத்தில் சீட்டுகள் குறைந்தன. அதற்குள் யார் எங்கே, பந்து எங்கே, எவ்வளவு நேரம் மிச்சம், யாருக்கு எத்தனை புள்ளி என்பது நான் மூச்சு விடுவதைப்போல வந்துகொண்டிருந்தது.

அவரிடம் இன்னொரு கண்டிப்பு உண்டு. தப்பாகச் சொல்லிவிட்டால் திருத்த வேண்டும். திருத்துவதை மூன்று தடவை சொல்ல வேண்டும், தப்பைச் சொன்ன அதே குரலில். "தப்பை ஊர் கேட்கச் சொல்றோம். திருத்தத்தைத் தொண்டைக்குள்ள சொல்றோம். அது திருத்தம் இல்லை, சமாளிப்பு" என்பார்.

இவ்வளவு பாடுபடுத்தியவரிடமும் எனக்கு ஒரு திமிர் இருந்தது. ஆடியவனுக்கு ஒரு கண் உண்டு. பந்து விரலை விட்டுக் கிளம்பும்போதே, மணிக்கட்டு மடிகிற விதத்தைப் பார்த்தே, விழுமா விழாதா என்று தெரிந்துவிடும். நான் பந்து விழுவதற்கு முன்பே "உள்ளே!" என்று கத்த ஆரம்பித்தேன். அரை விநாடி கழித்து அது விழும். கேட்பவர்களுக்கு அது பிடித்துப்போயிற்று. தண்டபாணி சொன்னால் விழும் என்று கடிதமெல்லாம் வந்தது. மேடம் மட்டும் சீட்டு தள்ளுவார்: 'மிளகு இன்னும் காற்றில்தான் இருக்கிறது.' நான் சிரித்துக்கொண்டு அதை மடித்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்வேன்.

வானொலிக்கு வந்த ஆறாவது வருடம், கோயம்புத்தூரில் பெண்களுக்கான மாநில அளவு இறுதி ஆட்டம். ஒரு அணியில் கலைச்செல்வி இருந்தாள். எங்கள் ஊர்ப் பெண். ஆரணியில் எங்கள் தெருவுக்கு மூன்றாவது தெரு. அவளுடைய அப்பா ஏகாம்பரம் அண்ணன் எங்களைப்போலவே நெசவுக்காரர். மகள் ஆடி அவர் பார்த்ததே இல்லை. "டவுசரு போட்டுகினு ஓடறத அப்பங்காரன் பாத்துகினு இருப்பானா?" என்பார். ஆனால் வானொலியில் அவள் ஆட்டம் என்றால் தறியை நிறுத்திவிட்டுக் கேட்பார்.

அன்றைய ஆட்டத்தில் ஒரு பெரிய விஷயம் தொங்கிக்கொண்டிருந்தது. ஜெயிக்கிற அணியிலிருந்து இரண்டு பேரை வேலைக்கு எடுப்பதாக ஒரு அலுவலகம் சொல்லியிருந்தது. கலைச்செல்விக்கு நிச்சயம் கிடைக்கும். இன்னொரு பக்கம், போளூரில் ஒரு வரன் தயாராக இருந்தது. ஏகாம்பரம் அண்ணன் மகளிடம் கறாராகப் பேசியிருந்தார். ஜெயித்தால் வேலைக்குப் போ. தோற்றால் தை மாதம் கல்யாணம், அதோடு பந்தைத் தொடக்கூடாது. இது எனக்கும் தெரியும். தெரிந்ததுதான் வினையாகிப் போயிற்று.

கடைசிப் பன்னிரண்டு விநாடி. அவள் அணி ஒரு புள்ளி பின்னால். பந்து அவள் கைக்கு வந்தது. இரண்டு பேர் மறிக்க எகிறினார்கள். அவளும் எகிறினாள். பந்து விரலை விட்டது. மணிக்கட்டு மடிந்தது. எனக்கு அது போதும். ஆட்டக்காரனின் கண்ணும் ஆரணிக்காரனின் ஆசையும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ள, "உள்ளே! உள்ளே! நம்ம ஆரணி கலைச்செல்வி! வெற்றி!" என்று அலறினேன்.

பந்து பலகையில் பட்டு, வளையத்தின்மேல் உட்கார்ந்து, அரை வட்டம் சுற்றி, வெளியே விழுந்தது. ஆட்டம் முடிந்த சங்கு ஊதியது.

சீட்டு வந்தது: 'மூன்று முறை.' செய்திகளுக்கு முன்னால் எனக்கு நாற்பது விநாடி இருந்தது. நான் ஒரே ஒரு தடவை, இருமலோடு இருமலாக, "பந்து வளையத்தைச் சுற்றி வெளியே வந்துவிட்டது, நேயர்களே" என்றேன். மீதி நேரத்தில் இரண்டு அணிகளும் சிறப்பாக ஆடின என்று எதையோ பிதற்றி முடித்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

மேடம் பொத்தான்களைப் பைக்குள் போட்டுக்கொண்டே கேட்டார். "உங்க ஊர்ல இதை யாராவது கேட்டிருப்பாங்களா?"

"ஊரே கேட்டிருக்கும் மேடம்."

"நீங்க வெற்றின்னு சொன்னதும் ரேடியோவை அணைச்சிட்டு எழுந்தவங்க இருப்பாங்க இல்லையா? அவங்களுக்கு யார் திருத்தம் சொல்றது?"

நான் மைக்கின் கம்பியைச் சுருட்டினேன். "ரெண்டு நாள் லீவு எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆரணிக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் முழு விபரீதமும் தெரிந்தது. ஏகாம்பரம் அண்ணன் தெருவில் வானொலியை ஒலிபெருக்கியோடு இணைத்து வைத்திருக்கிறார்கள். ஆயிரம்வாலா ஒன்றும் தயாராக இருந்திருக்கிறது. நான் வெற்றி என்றதும் பற்றவைத்துவிட்டார்கள். என் ஒற்றைத் திருத்தத்தை அந்த வெடிச்சத்தம் தின்றுவிட்டது. அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. நேராகத் தொலைபேசிக் கடைக்குப் போய்ப் போளூருக்குப் போட்டு, "எம்பொண்ணு ஜெயிச்சிட்டா, வேலைக்குப் போறா, சம்பந்தம் வாணாங்க" என்று சொல்லிவிட்டார். மறுநாள் செய்தித்தாளில் ஆரணிப் பெண்ணின் அணி தோற்ற செய்தி. போளூர்க்காரர்கள் அதைப் படித்துவிட்டு, தோற்றதை ஜெயித்ததாக அண்ணன் பொய் சொல்லித் தங்களை அவமானப்படுத்திவிட்டார் என்று இரண்டு ஊரிலும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

நான் வாசலில் நின்றதும் ஏகாம்பரம் அண்ணன் தறியிலிருந்து எழுந்தே வந்தார்.

"வாய்யா ரேடியோ. எம்மாம் பேஜார் பண்ணி வெச்சிக்கிற, தெரியுமா? அம்பது வயசுல என்னப் புளுகன்னு சொல்றானுங்க."

"தப்பு என்மேலதாண்ணா. மன்னிச்சிடுங்க."

"எங்கிட்ட இன்னாத்துக்கு மன்னிப்பு? நாளைக்குக் காலைல எங்கூட போளூருக்கு வா. அவங்க மூஞ்சிக்கு நேரா சொல்லு. ரேடியோவுல சொன்னததான் நான் சொன்னேன்னு சொல்லு. எம்பேரு பொழைக்கட்டும்."

சரி என்றேன். தெருமுனைக்கு வந்தபோது கலைச்செல்வி பின்னால் வந்தாள். லேசாக நொண்டினாள். பேருந்திலிருந்து இறங்கும்போது பிசகிவிட்டதாக வீட்டில் சொல்லியிருந்தாளாம்.

"சார், போளூருக்குப் போவாதீங்க."

"ஏம்மா?"

"நீங்க தப்பு பண்ணதால நின்னுபோன கல்யாணம் சார் அது. நீங்க போயி உண்மைய சொன்னீங்கன்னா அவங்க கோவம் போயிடும். மறுபடியும் தை மாசம்னு ஆரம்பிச்சிடுவாங்க. இன்னும் ஒரு வருஷம் கெடச்சா போதும் சார், அடுத்த தபா எங்க டீம் ஜெயிக்கும்."

"நான் போவலன்னா உங்கப்பா காலத்துக்கும் புளுகன்னு பேர் வாங்கிகினு இருக்கணுமேம்மா. அது நான் வாங்கிக் குடுத்த பேரு."

"அப்ப நானு?"

இன்றைக்கும் யாராவது என் வாழ்க்கையில் கஷ்டமான ஆட்டம் எது என்று கேட்டால், எந்த இறுதி ஆட்டமும் நினைவுக்கு வருவதில்லை. அந்தத் தெருமுனையில் அவள் நின்று கேட்ட இரண்டு சொல்தான் வரும். ராத்திரி சோறு இறங்கவில்லை. போகாமல் பேருந்தைப் பிடித்து ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் காலையில் போனேன்.

போளூரில் பையன் வீடு பெரிய வீடு. நெல் வியாபாரம். பையன் ஊரில் இல்லை. அவனுடைய அம்மாதான் பேசினார். அப்பா தலையை மட்டும் ஆட்டினார். நாற்காலி போட்டார்கள், தண்ணீர் கொடுக்கவில்லை. நான் உட்காராமல் நின்றபடியே சொன்னேன். அன்றைக்கு வானொலியில் பேசியவன் நான்தான். விழாத பந்தை விழுந்தது என்று சொன்னவனும் நான்தான். இவர் கேட்டதைத்தான் உங்களிடம் சொன்னார். தப்பு என்னுடையது, இவருடையது இல்லை. மூன்று தடவை சொன்னேன், ஒன்றையும் முழுங்காமல்.

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எதுர உக்காந்துகினுதான பாத்தீங்க? பந்து உள்ள போச்சா போவலையான்னு கூடவா ஒரு மனுசனுக்குத் தெரியாது? கண்ணு நல்லாத்தான கீது?"

"கொஞ்சம் முன்னாடியே சொல்லிட்டேம்மா."

"அதெப்பிடி முன்னாடியே சொல்வீங்க? இன்னா நடந்துச்சுன்னு ஒழுங்கா சொல்லுங்க."

ஒழுங்காகச் சொன்னேன். மைக் இல்லை, சீட்டு இல்லை. அந்தக் கூடத்தில் நின்றுகொண்டு, நடந்த பன்னிரண்டு விநாடியை நடந்தபடி சொன்னேன்.

பக்கக் கோட்டிலிருந்து பந்தை உள்ளே எறிகிறார்கள். அது அணித்தலைவியின் கைக்கு வருகிறது. அவள் சற்று முன்தான் யாரும் மறிக்காமல் நின்று போட வேண்டிய இரண்டு பந்தைத் தவற விட்டவள். 'நீ போடு' என்று கலைச்செல்வியிடம் தள்ளிவிடுகிறாள். கலைச்செல்வி வாங்கிக்கொள்கிறாள். அவளுக்கு இடது கணுக்கால் அரை மணி நேரத்துக்கு முன் மடங்கியிருந்தது. இறுக்கக் கட்டுப் போட்டிருந்தாள். இடது பக்கம் அவளால் திரும்ப முடியாது என்று எதிரணிக்கும் தெரியும். அதனால் இரண்டு பேரும் வலது பக்கத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறார்கள். ஏழு விநாடி. அவள் வலது பக்கம் போவதுபோல ஒரு தோளை அசைக்கிறாள். பிறகு இடது பக்கம் போகிறாள், அந்தக் காலை ஊன்றி. நான்கு விநாடி. அவர்கள் ஓடி வருகிறார்கள். அவளைவிட உயரம். அவள் அடிபட்ட காலாலேயே எம்புகிறாள். பந்து கையை விடுகிறது. பலகையில் படுகிறது. வளையத்தின்மேல் ஏறுகிறது. அரை வட்டம் சுற்றுகிறது. வெளியே விழுகிறது. தோல்வி. மற்ற நான்கு பேரும் அங்கங்கே உட்கார்ந்துவிடுகிறார்கள். இவள் மட்டும் உருண்டு போன பந்தை நொண்டிக்கொண்டே போய் எடுத்து, நடுவரின் கையில் கொடுத்துவிட்டு, ஜெயித்தவர்களுக்குக் கை கொடுக்கப் போகிறாள்.

இதையெல்லாம் நான் அன்றைக்கே பார்த்திருந்தேன். ஒன்றையும் சொல்லவில்லை. கூடையை முந்திக்கொண்டு சொல்கிற அவசரத்தில் அவள் காலைக்கூட விட்டுவிட்டேன். அப்போதுதான் எனக்கே அது உறைத்தது. பந்தைப் பற்றிச் சொன்ன பொய்யைவிட அது பெரிய தப்பு.

ஏகாம்பரம் அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "பஸ்ஸுல எறங்கும்போது பிசகிடுச்சின்னு இல்ல சொன்னா" என்றார், யாரிடமும் இல்லாமல்.

அந்த அம்மா எழுந்துபோய், தானே இரண்டு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். "சரிங்க. உங்க மேல தப்பு இல்ல. எங்களுக்கும் கோவம் இல்ல. தை மாசமே வெச்சிக்கலாம், நீங்க ஆவ வேண்டியத பாருங்க."

கலைச்செல்வி சொன்னது அப்படியே நடந்தது. நான் வாயைத் திறந்து ஏதாவது சொல்லலாமா என்றால், என் வாய் செய்த வேலை ஏற்கெனவே போதும். ஏகாம்பரம் அண்ணன் தண்ணீரை முழுதாகக் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஒரு வருஷம் போவட்டுங்க."

"இன்னாத்துக்கு?"

"இன்னொரு தபா ஆடிட்டு வரட்டும்."

"ஒரு வருஷம்லாம் எங்களால காத்துகினு இருக்க முடியாதுங்க. வேற எடம் வந்துகினு கீது."

"நல்லா பண்ணுங்கம்மா. புள்ளைக்கு நல்ல எடமா அமையட்டும்" என்று கும்பிட்டுவிட்டு எழுந்தார். கோபமாகச் சொல்லவில்லை. அந்த அம்மாவும் கோபப்படவில்லை. வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார்.

அடுத்த வருடம் கலைச்செல்விக்கு வேலை கிடைத்தது. அவளுக்குக் கல்யாணமும் ஆயிற்று, கொஞ்சம் பிந்தி, அவள் பார்த்துச் சரி என்ற இடத்தில். நானும் அந்த நாளுக்குப் பிறகு பந்து வலைக்குள் இறங்காமல் வாயைத் திறந்ததில்லை. தொலைக்காட்சிக்கு வந்த பிறகு, 'சார், நீங்க லேட்டா சொல்றீங்க, ஜனங்க ஸ்கிரீன்லயே பாத்துடறாங்க' என்று பிள்ளைகள் கிண்டல் செய்தார்கள். செய்துவிட்டுப் போகட்டும். இதெல்லாம் தேன்மொழிக்கு நான் தொலைபேசியிலேயே சுருக்கமாகச் சொன்னதுதான். திரும்பி வந்த பேருந்தைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அந்த இடம் வந்ததும், அடுத்த ஆட்டத்தை நன்றாகச் செய் என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

போளூரில் ஏறி உட்கார்ந்ததிலிருந்து ஏகாம்பரம் அண்ணன் ஜன்னல் பக்கம் பார்த்தபடி வந்தார். பாதி வழியில் என் பக்கம் திரும்பினார்.

"அந்தக் கடைசிய இன்னொரு தபா சொல்லு."

"எதண்ணா?"

"அதான்யா, லெப்ட்ல போனாளே. ஜல்தி ஜல்தியா சொல்லாத. மெதுவா சொல்லு."

சொன்னேன். தோளை அசைத்ததைச் சொன்னேன். அடிபட்ட காலை ஊன்றியதைச் சொன்னேன். அவருடைய இடது கால் பேருந்தின் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. இரண்டு பேர் எகிறியதைச் சொன்னேன், பந்து கையை விட்டதைச் சொன்னேன், பலகையில் பட்டு வளையத்தின்மேல் ஏறியதைச் சொன்னேன். அங்கே ஒரு நொடி நிறுத்தினேன். முன் இருக்கையில் கத்தரிக்காய்க் கூடையை மடியில் வைத்துக்கொண்டு அதுவரை எங்களுக்குக் காது கொடுத்திருந்த ஒரு அம்மா பொறுக்க மாட்டாமல் திரும்பிவிட்டார்.

"உள்ள போச்சா, இல்லியா?"

நான் பதில் சொல்வதற்குள் ஏகாம்பரம் அண்ணன் என் தொடையில் கையை வைத்து அழுத்தினார்.

"போவலம்மா" என்றார், பேருந்துச் சத்தத்தையும் மீறி. "ஆனா போட்டது எம்பொண்ணு."